ஒரு சிட்டிகைப் பஞ்சு

முருகன் துணை
ரோஸ் ஹில், 6 மார்ச் 1955

அன்புத் தம்பி முனிசாமிக்கு அக்கா பூங்காவனம் ஆசியுடன் எழுதுவது.

இங்கே அம்மாவும் நானும் சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் மழை வருவதற்கு ஒரு நாள் முந்தியே மழையை அறிவிக்கிறது. ரொட்ரீக்ஸ் தீவுக் காற்று உனக்கு ஒத்துக்கொண்டதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, எழுது.

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. ஊர் உலகத்துத் தந்தியெல்லாம் கேபிள் நிலையத்தில் உன் விரல் வழியாகப் போகிறது, பெற்றவளுக்கு ஒரு வரி இல்லையே என்று அம்மாவுக்குக் குறை. "கிரியோல்ல எழுதச் சொல்லு, பக்கத்து வீட்டு மிஷெலின் படிச்சுச் சொல்லுவா" என்கிறாள். கிரியோலை யார் எழுதுகிறார்கள்? பிரெஞ்சில் எழுதினால் இலாகாக் கடிதம் போல இருக்கும். அப்பா கோயில் வகுப்பில் பிரம்போடு சேர்த்துப் புகட்டிய தமிழ் இதற்காவது உதவட்டும்.

ஒரு செய்தி. கல்வி இலாகாவில் இசைப் போதனாசிரியர் பதவி ஒன்று வருகிறது. விண்ணப்பம் போட்டிருக்கிறேன். ஜூனில் லண்டனிலிருந்து தேர்வாளர் வருவார். என் மாணவிகளைச் சோதிப்பார், எங்கள் நால்வர் குழு பிளாசா அரங்கில் வாசிக்கும் கச்சேரியையும் கேட்பார். அவர் வார்த்தைதான் முடிவு.

எனக்கு இந்த வேலை வேண்டும், தம்பி. வாய்விட்டுச் சொல்கிறேன். வியாழக்கிழமை பஸ் பிடித்துத் தெற்கே சுரினாம் ஊருக்குப் போய் டாக்டர் வீட்டுப் பெண்கள் இருவருக்குச் சொல்லித்தருகிறேன், ஆளுக்கொரு வயலின். சனிக்கிழமை ரோஷ் புவா. பதினோரு பிள்ளைகளுக்கு மூன்று வயலின். ஒன்று வாசிக்கும்போது மற்றவை கைகட்டி நிற்கின்றன. பதவி கிடைத்தால் பள்ளிகளுக்கு இலாகாவே வயலின் தரும் என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறது.

செவ்வாய்தோறும் போ பாசேனில் முசியே எட்மோன் வீட்டில் ஒத்திகை. அவர் முதல் வயலின், நான் இரண்டாம் வயலின், ஜெனெவியேவ் வியோலா, மருந்துக்கடைக்காரர் ஆன்றி செல்லோ. பத்து வருடமாக அதே நான்கு நாற்காலிகள். இப்போது கொஞ்சம் உழைப்பு கூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா
பூங்காவனம்


போர் மாத்துரேன், ரொட்ரீக்ஸ்
3 ஏப்ரல் 1955

அக்காவுக்குத் தம்பி முனிசாமியின் வணக்கம். அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டேன் என்று சொல். அந்த முழங்காலை மெதுவாகத்தான் தொட்டேன் என்றும் சொல்.

நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். கப்பல் மாதம் ஒரு முறைதான் வருகிறது. அது வருகிற அன்று நான் பணியில் இருந்தால் கடிதம் அடுத்த மாதத்துக்குப் போகிறது. குறை என்னுடையது அல்ல, கடலுடையது.

பதவிச் செய்தி கேட்டுக் குதித்தேன். உன்னை விட்டால் அவர்களுக்கு யார் இருக்கிறார்கள்? கச்சேரியை வானொலியில் போடுவார்களாமே. மேலதிகாரி வீட்டில் பெரிய ரேடியோப் பெட்டி இருக்கிறது. சாயங்காலத்தில் மொரீஷியஸ் இங்கே தெளிவாகக் கேட்கும். நிலையத்து ஆட்கள் எல்லோரையும் அழைத்திருக்கிறேன். "என் அக்கா வாசிக்கப் போகிறாள்" என்று சொல்லிச் சொல்லி அவர்களுக்குக் காது புளித்துவிட்டது.

நாலு பேர் சேர்ந்து வாசித்தால் எது உன் வயலின் என்று எப்படித் தெரியும் என்று ஒருவன் கேட்டான். தந்தியடிக்கிறவர்களை முகம் பார்க்காமலே கையை வைத்துச் சொல்வோம். இது மொம்பாசாக்காரன், இது டர்பன்காரன் என்று. பன்னிரண்டு வருடம் ஒரே சுவருக்கு இந்தப்பக்கம் படுத்துக்கொண்டு கேட்ட கையைத் தெரியாதா?

காயவைத்த உரிட் கணவாய் ஒரு கட்டு, எலுமிச்சை அச்சார் இரண்டு புட்டி அனுப்புகிறேன். உரிட்டை வெயிலில் போடச் சொல். இல்லையென்றால் மிஷெலின் வீட்டுப் பூனைக்குத்தான் லாபம்.

"கொஞ்சம் உழைப்பு கூடியிருக்கிறது" என்றாயே, என்ன உழைப்பு?

தம்பி
முனிசாமி


முருகன் துணை
ரோஸ் ஹில், 8 மே 1955

அன்புத் தம்பிக்கு ஆசிகள்.

நாங்கள் சுகம். உரிட் வந்தது, பூனையிடமிருந்து தப்பியது. அம்மா ரூகாய் வைத்தாள். தக்காளிச் சாற்றில் அது வெந்த மணம் தெருவரை போனது. அச்சாரில் ஒரு புட்டியை முசியே எட்மோனுக்குக் கொடுத்தேன்.

கச்சேரி ஜூன் 17, வெள்ளிக்கிழமை, ஏழு மணி. ஒத்திகை வாரத்துக்கு இரண்டாகிவிட்டது. ஜெனெவியேவ் அடிக்கடி நிறுத்தி, "இன்னொரு தடவ சுருதி பாத்துக்கலாமா?" என்கிறாள். முசியே எட்மோன் எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார். நானும் சரி என்கிறேன்.

இரண்டாம் வயலின் வேலை என்ன என்று நீ சின்னப் பையனாக இருந்தபோது கேட்பாய். முதல் வயலின் தெருவில் நடக்கிறவர் என்றால் இரண்டாம் வயலின் அவர் கூடவே குடை பிடித்துப் போகிறவர். அவர் வேகமாகப் போனால் நாமும் வேகமாக, அவர் ஓரமாகப் போனால் நாமும் ஓரமாக. குடை தனியாக நடக்கக் கூடாது.

ரோஷ் புவாவில் ரோஸ்-மே என்று ஒரு சின்னப் பெண். முறை வரும்வரை வெறுங்கையை இடது தோளில் வைத்து விரல்களை ஓட்டிக்கொண்டு நிற்கிறாள். விரல் இடம் தப்பவில்லை. பதவி வந்தால் முதல் வயலின் அவளுக்கு என்று முடிவு செய்திருக்கிறேன்.

உழைப்பு பற்றிக் கேட்டிருந்தாய். ஒன்றுமில்லை.

அக்கா
பூங்காவனம்


போர் மாத்துரேன்
19 ஜூன் 1955

அக்காவுக்கு வணக்கம். அம்மா நலமா? நான் நலம்.

கச்சேரி கேட்டேன். மேலதிகாரி, அவர் மனைவி, நிலையத்து ஆட்கள் ஆறு பேர், வாசலில் ஆடு ஒன்று. எல்லோருக்கும் பிடித்திருந்தது. மேலதிகாரியின் மனைவி கைதட்டினார்.

இப்போது நான் கேட்டதைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. முதல் பகுதியில் உன் கை உன் கையாக இருந்தது. மெதுவாகப் போகிற பகுதி தொடங்கியதும் முதல் வயலின் சுருதியில் ஒரு மயிரிழை இறங்கியது. உடனே நீயும் இறங்கினாய். பிறகு அது இன்னும் இறங்கியது, நீயும் பின்னாலேயே. வியோலாவும் செல்லோவும் நின்ற இடத்திலேயே நின்றன. கடைசிக்கு வரும்போது இரண்டு வயலின்களும் பள்ளத்திலும் மற்ற இரண்டும் மேட்டிலுமாக இருந்தன.

உனக்குச் சுருதி பிசகாது. ஆறு வயதில் கோயில் நாதஸ்வரக்காரர் சீவாளி மாற்றியதும் "அது கொஞ்சம் ஏறிடுச்சு" என்று சொல்லி அப்பாவிடம் அடி வாங்கினவள் நீ. தெரியாமல் இறங்க உன்னால் முடியாது. தெரிந்தேதான் இறங்கினாய்.

ஏன்? அதுவும் அன்றைக்கு, அந்தத் தேர்வாளர் முன்னால்? பதில் எழுது. முடிவு என்ன ஆயிற்று என்றும் எழுது.

தம்பி
முனிசாமி


முருகன் துணை
ரோஸ் ஹில், 31 ஜூலை 1955

அன்புத் தம்பிக்கு ஆசிகள்.

சுகம். போன கப்பலுக்குக் கடிதம் போட முடியவில்லை. ஒரு வாரமாகத் தூறல். கரும்பு வெட்டு தொடங்கிவிட்டதால் சுரினாம் பாதையில் லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்கிறது. போக ஒரு மணி, வர இரண்டு மணி. அம்மாவுக்கு ஆன்றி கடையிலிருந்து தைலம் வாங்கினேன், கேட்கிறது.

மாணவிகள் எல்லோரும் தேறிவிட்டார்கள். டாக்டர் வீட்டுச் சின்னப் பெண்ணுக்கு விசேஷப் பாராட்டு. ரோஸ்-மேயைக் கட்டணமில்லாமல் சேர்த்திருந்தேன், அவளும் தேறினாள். சாட்டின் ரிப்பன் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

மிஷெலினின் பெண்ணுக்கு நிச்சயம் ஆகியிருக்கிறது. கோயில் கூரையில் இரண்டு தகரம் மாற்றினார்கள். பதவி வேறொருவருக்குப் போயிற்று, இங்கிலாந்திலிருந்து புருஷனோடு வந்திருக்கும் ஒரு அம்மாளுக்கு. உனக்குக் கம்பளிச் சட்டை பின்னிக்கொண்டிருக்கிறேன், கைநீளம் மாறியிருந்தால் எழுது.

அக்கா
பூங்காவனம்


போர் மாத்துரேன்
15 ஆகஸ்ட் 1955

அக்காவுக்கு வணக்கம். கைநீளம் மாறவில்லை. நலம்.

கோயில் தகரத்துக்கும் கம்பளிச் சட்டைக்கும் நடுவில் ஒரு வரி. பத்து வருட உழைப்புக்கு ஒரு வரி. நான் கேட்ட கேள்விக்கு அதுவும் இல்லை. வாயில் என்ன கொழுக்கட்டையா?

பொறுத்தார் பூமி ஆள்வார் என்பாய். பொறுத்தவர்கள் சுரினாம் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறதைத்தான் நான் பார்க்கிறேன்.

நீ சொல்லாவிட்டால் நான் சொல்கிறேன். இறங்குகிறவர் எட்மோன். வயதாகிவிட்டது, காது போய்விட்டது. அவர் பிசகு வெளியே கேட்கக் கூடாது என்று நீயும் கூட இறங்குகிறாய். இரண்டு பேர் சேர்ந்து தப்பாக வாசித்தால் ஒருவருடைய தப்பு தெரியாது பார். குடை பிடிக்கிறாயாம் குடை. நனைந்தது யார்?

கோபம் வந்தால் எனக்குக் கை நிற்காது, உனக்குத் தெரியும். இதே கப்பலில் முசியே எட்மோனுக்கும் ஒரு கடிதம் போகிறது, பிரெஞ்சில், மரியாதையாக. நடந்ததை எழுதியிருக்கிறேன். அவரை மறைக்க என் அக்கா எட்டு மாதமோ எத்தனை மாதமோ தாழ்ந்து வாசித்தாள், அதனால் பதவியை இழந்தாள், இதைத் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று.

திட்டு. ஆனால் எழுது.

தம்பி
முனிசாமி


ரோஸ் ஹில்
4 செப்டம்பர் 1955

முனிசாமிக்கு.

அம்மா சுகம்.

நீ ஊகித்தது சரி. அதனால் நீ செய்தது சரியாகிவிடாது.

போன வருடம் அவருக்கு மூன்று வாரம் காய்ச்சல் அடித்தது. எழுந்து வந்து வாசித்தபோது சுருதி தாழ்ந்திருந்தது. அவருக்குத் தெரியவில்லை. நான் கூடவே இறங்கினேன். தேர்வாளர் அன்று என்னைப் பற்றி எழுதியது இது: "காது நம்பத்தக்கதல்ல." இலாகாக் கடிதத்தில் அந்த வரி இருக்கிறது. உனக்கு எழுதவில்லை. எழுதியிருந்தால் நீ என்ன செய்திருப்பாயோ அதை எழுதாமலே செய்துவிட்டாய்.

ஏன் என்று கேட்டாயே. 1946-ல் கூர்ப்பிப்பில் ஒரு பெரிய வீட்டில் எங்கள் முதல் கச்சேரி. வாசலில் நின்ற வேலைக்காரன் மற்ற மூவருக்கும் கதவைத் திறந்துவிட்டு, எனக்குச் சமையற்கட்டு வாசலைக் கையால் காட்டினான். என் புடவையைப் பார்த்துத்தான் காட்டினான். முசியே எட்மோன் வயலின் பெட்டியை எடுத்துக்கொண்டு என்னோடு சமையற்கட்டு வழியாக வந்தார். அவர் பின்னால் ஜெனெவியேவ், அவள் பின்னால் செல்லோவைத் தூக்கிக்கொண்டு ஆன்றி. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அடுத்த முறை எனக்கு முன்வாசல் திறந்தது. அதைப் பற்றி அவர் இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அப்படிப்பட்டவரிடம் "உங்களுக்குக் காது போய்விட்டது" என்று நான் எப்படிச் சொல்வேன்? நான் சொல்லாததை நீ தபால்தலை ஒட்டிச் சொல்லிவிட்டாய். கடிதம் அவருக்குச் செவ்வாய்க்கிழமை கிடைத்திருக்கிறது. அன்றைய ஒத்திகை இல்லை என்று ஆள் அனுப்பினார். அடுத்த செவ்வாயும் இல்லை. பதவி போனபோது நான் அழவில்லை. இப்போது அழுதேன்.

நான் எழுதும்வரை நீ எழுத வேண்டாம்.

பூங்காவனம்


போர் மாத்துரேன்
9 அக்டோபர் 1955

அக்காவுக்கு வணக்கம்.

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். போன கப்பலில் உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

சமையற்கட்டு வாசல் எனக்குத் தெரியாது. எனக்கு அப்போது பதினெட்டு வயது. கச்சேரி எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, "கேக் கொடுத்தாங்க" என்றாய். அதற்குமேல் சொல்லியிருந்தால் என் கை நின்றிருக்குமோ என்னவோ. பழியை உன்மேல் போடவில்லை. செய்தது நான்தான். மன்னித்துக்கொள் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, எழுதிவிட்டேன்.

முசியே எட்மோனிடம் மன்னிப்புக் கேட்டு எழுதட்டுமா? இந்த முறை உன்னைக் கேட்காமல் எழுதமாட்டேன்.

சிவப்புக் காராமணி ஒரு பை வருகிறது. அம்மாவுக்கு.

முனிசாமி


முருகன் துணை
ரோஸ் ஹில், 20 நவம்பர் 1955

அன்புத் தம்பிக்கு அக்காவின் ஆசிகள்.

அம்மா சுகம், நான் சுகம். உன் சட்டை முடிந்துவிட்டது, இத்துடன் வருகிறது. கோபம் தீர்ந்ததா என்று கேட்பாய். முக்கால்வாசி. உட்கார்ந்து படி, கதை நீளம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முசியே எட்மோன் நம் வீட்டுக்கு வந்தார். பத்து வருடத்தில் இதுதான் முதல் முறை. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். அம்மா பதறிப் போய் நல்ல நாற்காலியைத் துடைத்தாள், வனிலாத் தேநீரும் வடையும் வைத்தாள். அவர் உன் கடிதத்தை மேசைமேல் விரித்தார். நில அளவைக்காரர் இல்லையா, வரிக்கு வரி சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருந்தார். அவர் பிரெஞ்சில் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன்.

"இது நெசமா, மத்மோசேல்?"

"நெசம்தான்."

கடிதத்தை மடித்தார். பிறகு சொன்னார்: "எறங்கினது நீங்கதான்னு நான் நெனச்சேன்."

எனக்குப் புரியவில்லை.

"எட்டு மாசமா நீங்க எறங்கி வாசிக்கிறீங்க, எனக்குக் கேக்குது. அந்த நாற்காலியில உங்கள உட்கார வச்சது நான். நானே கொறை சொன்னா, இந்தப் பொண்ணு வேணாம்னு அன்னிக்குச் சொன்னவங்களுக்கு வெறும் வாயில அவல் போட்ட மாதிரி ஆகும். அதனால நானும் கூட எறங்கினேன். உங்களுக்குத் துணையா."

தம்பி, நான் அவருக்காக இறங்கினேன், அவர் எனக்காக இறங்கினார். நான் இறங்கியதைக் கேட்டு அவர், அவர் இறங்கியதைக் கேட்டு நான். நீ ரேடியோவில் கேட்ட பள்ளம் அதுதான்.

இன்னும் இருக்கிறது. கச்சேரி முடிந்து உள்ளறையில் தேர்வாளர் அவரைக் கேட்டாராம், வயலின்களில் ஒன்று தாழ்ந்திருந்ததே, எது என்று. "நான்தான்" என்றாராம் இவர். என்னைக் காப்பாற்றப் பொய் சொல்வதாக நினைத்துக்கொண்டு. தேர்வாளர் சிரித்து, இவர் தோளில் தட்டி, "தாங்கள் கனவான்" என்று சொல்லிவிட்டுக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டாராம். எழுதியது என்ன என்பது உனக்குத் தெரியும்.

அடுத்த செவ்வாய் நால்வரும் கூடினோம். தியாபாசோன் என்று ஒரு இரும்புக் கவை உண்டு, சுருதி பார்ப்பதற்கு. தட்டினால் ஒரே ஒரு ஸ்வரம். அதை அவர் வலது காதில் வைத்தேன், பிறகு இடது காதில். இடது காதில் அது ஏறிக் கேட்கிறது என்றார். காய்ச்சல் செய்த வேலை. வயலின் இருப்பது இடது தாடைக்குக் கீழே. தன் வயலினை அந்தக் காது உயர்த்திக் காட்டியதால், சரி என்று நினைத்துத் தாழ்த்தி வாசித்திருக்கிறார். என் வயலின் வலது காதிலும் விழுந்ததால் அதன் தாழ்வு உள்ளபடி கேட்டிருக்கிறது.

ஆன்றி பையிலிருந்து பஞ்சு எடுத்து ஒரு சிட்டிகை கிள்ளி உருட்டி அவர் இடது காதில் வைத்தார். முசியே எட்மோன் வாசித்தார். சரியாக இருந்தது. அவ்வளவுதான், தம்பி.

ஆன்றிக்கு முகம் சிவந்துவிட்டது. அவரும் எட்டு மாதமாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஜெனெவியேவும். "அவர எப்படிச் சொல்றது? உங்களத்தான் எப்படிச் சொல்றது?" என்றாள். மருந்துக்கடைக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, பஞ்சு பையிலேயே இருக்க, நான்கு பேரும் மரியாதையாக இருந்திருக்கிறோம்.

இனி முதல் நாற்காலியில் நான் உட்கார வேண்டும் என்கிறார் முசியே எட்மோன். "பஞ்சு வச்சவன் முன்னால உட்காரக் கூடாது, பின்னால வரணும்" என்றார். மறுத்தேன். கேட்கவில்லை. லண்டனுக்கும் எழுதிவிட்டார்: தாழ்ந்தது என் காது, இவருடையதல்ல, டாக்டர் சான்று இத்துடன் என்று.

உன் மன்னிப்புக் கடிதம் வேண்டாம் என்கிறார். உன் பிரெஞ்சு நன்றாக இருக்கிறதாம். டிசம்பர் 9, வெள்ளிக்கிழமை, வானொலியில் வாசிக்கிறோம்.

அக்கா
பூங்காவனம்


போர் மாத்துரேன்
18 டிசம்பர் 1955

அக்காவுக்குத் தம்பியின் நூறு வணக்கம். அம்மாவுக்கு இருநூறு. சட்டை சரியாக இருக்கிறது. இந்த வெயிலில் போட்டுப் பார்த்ததற்கே எனக்குப் பரிசு தர வேண்டும்.

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். முதல் தரம் சிரித்தேன். இரண்டாம் தரம் அந்தத் தேர்வாளரைக் கடலில் தள்ளினேன். மூன்றாம் தரம் ரோஸ்-மேயை நினைத்துக்கொண்டேன், ஒன்றும் செய்யத் தோன்றவில்லை.

9-ஆம் தேதி கேட்டேன். இந்த முறை யாரையும் அழைக்கவில்லை. ஆடு மட்டும் வந்தது. முதல் வயலின் உன் கை. தொடங்கிய நொடியே தெரிந்தது, ரேடியோப் பெட்டியின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றேன். இரண்டாம் வயலின் ஒட்டிக்கொண்டு வந்தது, பிசகே இல்லை. பஞ்சு வாழ்க.

ஒரே ஒரு சொல் இருக்கிறது. எழுதினால் மறுபடி கை நிற்கவில்லை என்பாய். மார்ச்சில் விடுப்பு, நேரில் சொல்கிறேன்.

லண்டனிலிருந்து பதில் வந்ததா?

தம்பி
முனிசாமி


முருகன் துணை
ரோஸ் ஹில், 22 ஜனவரி 1956

அன்புத் தம்பிக்கு அக்காவின் ஆசிகள்.

சுகம். அம்மா தைப்பூச விரதத்தில் இருக்கிறாள், முழங்காலும் கூட விரதம் இருக்கிறது போல, சத்தமில்லை.

லண்டன் பதில் வந்தது. முசியே எட்மோனே கொண்டுவந்து வாசித்தார். "சக கலைஞர் ஒருவரின் பெயரைக் காக்கத் தாங்கள் மருத்துவச் சான்று வரைக்கும் சென்ற பெருந்தன்மையை வியக்கிறேன். முடிவில் மாற்றமில்லை." அவர் உண்மையைச் சொன்னது இதோடு இரண்டு முறை. இரண்டு முறையும் மரியாதை என்று எடுத்துக்கொண்டார்கள்.  நான் அடுப்படிக்குப் போய் அழுதேன். எனக்கு அந்த வேலை வேண்டும் என்று எழுதியிருந்தேனே, இப்போதும் வேண்டும். புதிய அம்மாள் ரோஷ் புவா பக்கம் வரமாட்டாராம், அது பள்ளிக்கூடக் கணக்கில் இல்லையாம். அங்கே இன்னும் பதினோரு பிள்ளைகள், மூன்று வயலின்தான். நான்காவதாக ஒன்று முசியே எட்மோனின் பழைய பெட்டியிலிருந்து வந்திருக்கிறது. அது ரோஸ்-மேயிடம் இருக்கிறது.

நீ நேரில் சொல்கிறேன் என்றாயே, அந்தச் சொல் என்ன என்று எனக்கு இப்போது தெரியும்.

போன செவ்வாய் ஒத்திகையில் பாதியில் முசியே எட்மோன் வில்லை எடுத்துவிட்டார். "மத்மோசேல், நீங்க ஏறிப் போறீங்க" என்றார். ஜெனெவியேவ் தரையைப் பார்த்தாள். ஆன்றி செல்லோவுக்குப் பின்னால் மறையப் பார்த்தார். இறங்கிவிடுவேனோ என்ற பயத்தில் ஏறுகிறேனா என்று எனக்கே சந்தேகம். கவையைத் தட்டினோம். அவர் சொன்னதுதான் சரி.

உடனே ஜெனெவியேவ், "போன மாசம் ரேடியோவுலயும் அப்படித்தான்" என்றாள். ஆன்றி, "நாலாவது வரியில ரொம்ப அவசரப்படுறீங்க, அதையும் சொல்லிடறேன்" என்றார். பத்து வருடத்தில் அந்த அறையில் என்னை ஒருவரும் ஒரு குறை சொன்னதில்லை. நான் அவ்வளவு நன்றாக வாசிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு முகமெல்லாம் சுட்டது. முதலிலிருந்து மறுபடி வாசித்தோம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன், "அம்மா, இன்னிக்கு அங்க என்னைத் திட்டினாங்க."

"யாரு?"

"மூணு பேரும்."

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். தண்ணீரை வடித்துவிட்டுச் சொன்னாள்: "அப்போ உன்ன இப்பத்தான் சேத்துக்கிட்டாங்கன்னு சொல்லு."

மார்ச் வரை காத்திருக்க வேண்டாம். கேட்டதைக் கேட்டபடி எழுது. வரும்போது எலுமிச்சை அச்சார் நான்கு புட்டி கொண்டு வா. போன தடவை ஜெனெவியேவுக்கும் ஆன்றிக்கும் கிடைக்கவில்லை என்று இப்போது வாய்விட்டுக் கேட்கிறார்கள்.

அக்கா
பூங்காவனம்